கொர்னோவா அட்டைகள்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே எங்கள் ருமேனியாவில் பேராசிரியர்தான் அமைச்சர். காலையில் வகுப்பு எடுத்தவர் மாலையில் நாடாளுமன்றத்தில் பேசுவார். அரசு கவிழ்ந்தால் அடுத்த வாரம் பழையபடி கரும்பலகை முன்னால் நிற்பார். பொருளாதாரம் கற்பித்த விர்ஜில் மட்ஜாரு நிதியமைச்சராக இருந்தார். சட்டம் கற்பித்த நிக்கோலாய் தித்துலெஸ்கு வெளியுறவு அமைச்சர். 1930, 1931 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் பொதுச்சபைக்குத் தலைமை தாங்கியவர். வரலாற்றுப் பேராசிரியர் நிக்கோலாய் யோர்கா பிரதமரானார். எனக்குச் சமூகவியல் கற்பித்த திமித்ரியே குஸ்டி கல்வி அமைச்சரானார்.

அதற்குக் காரணம் இருந்தது. 1918க்குப் பிறகு டிரான்சில்வேனியா, பெஸ்ஸராபியா, புக்கோவினா எல்லாம் வந்து சேர்ந்து நாடு இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. ஒரு பகுதியில் ஆஸ்திரியச் சட்டம், இன்னொன்றில் ஹங்கேரிச் சட்டம், மற்றொன்றில் ருஷ்யச் சட்டம். புதிதாக வந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பது புக்காரெஸ்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் ஆட்சியைக் கொடுப்போம் என்று அந்தத் தலைமுறை நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பைப் பழித்துப் பேச இன்றும் எனக்கு மனம் வரவில்லை.

என் அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர். யோர்கா என்றால் அவருக்கு உயிர். வெலெனி தெ முன்தே என்ற மலையடிவாரச் சிற்றூரில் 1908 முதல் யோர்கா நடத்திவந்த கோடைக்கால வகுப்புகளுக்கு அப்பா விடுமுறையில் போவார். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார். எல்லா மாகாணங்களிலிருந்தும் ஆசிரியர்களும் பாதிரியார்களும் வந்து மரப்பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நெடிய உருவம், மார்பில் புரளும் தாடி, கையில் குடை. குறிப்பு எதுவும் இல்லாமல் பைசாந்தியத்தில் ஆரம்பித்தவர் எங்கள் ஊர் ஆட்டிடையர் போகும் மலைப்பாதையில் வந்து முடித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் எங்களூர் இடையனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

அந்த மனிதரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1910இல் அவர் கட்சி தொடங்கியபோது கூடச் சேர்ந்தவர் யாஷ் நகரப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த ஏ. சி. குஸா. யூத வெறுப்பையே அரசியலாக்கியவர். அந்தக் கட்சியின் கொள்கையிலும் அந்த நஞ்சு கலந்திருந்தது. யோர்கா பின்னால் குஸாவை விட்டு விலகினார், அந்தப் பேச்சையும் குறைத்துக்கொண்டார். ஆனாலும் 1937இல் மறுபடி யூதர்களுக்கு எதிராக எழுதினார். பிற்பாடு பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிள்ளைகள் முதல் பாடத்தை எங்கே படித்தார்கள் என்று கேட்டால், ஒரு பங்கு இந்தப் பெரியவர்களின் வகுப்பில்தான் என்று சொல்வேன். அவரைக் கொன்றவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதை மறைக்கக் கூடாது.

நான் புக்காரெஸ்டுக்குப் படிக்க வந்தது 1927இல். குஸ்டியின் கருத்தரங்குக்கு முதல் நாள் போனபோதே அவர் வேறு மாதிரியான ஆள் என்று தெரிந்தது. யோர்கா பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குஸ்டி எங்களைப் பேச வைப்பார். ஜெர்மனியில் படித்தவர். நறுக்காக உடுத்துவார், எவரிடமும் குரல் உயர்த்த மாட்டார். சமூகவியலைப் புத்தகத்தில் படிப்பதில் பாதிப் பலன்கூட இல்லை, கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள் என்பது அவர் போதனையின் சாரம். 1925இல் கோயிச்சேயா மாரே என்ற ஊரில் ஒரு சின்னக் குழுவோடு தொடங்கி, ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நெரேஜ், ஃபுந்து மோல்தோவெய் எல்லாம் எனக்கு முன்னால் முடிந்துவிட்டன. நான் முதலில் போனது 1929இல், த்ரெகூஷுக்கு.

ஃபொகொராஷ் மலைத்தொடரின் அடியில், ஓல்ட் ஆற்றுப் பக்கம் இருக்கிறது த்ரெகூஷ். நிலம் குறைவு, ஆண்கள் முன்பு கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போய்ச் சம்பாதித்துத் திரும்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்துக்கொண்டோம். மருத்துவர், நிலவியல்காரர், சட்ட மாணவர், இசையறிஞர் என்று ஒரு பெரும்படையே வந்திருந்தது. ஒருவர் மண்ணை அளப்பார், ஒருவர் தலையின் சுற்றளவை அளப்பார், ஒருவர் நிலத்தகராறுகளைக் கேட்டு எழுதுவார். எனக்குக் கிடைத்தது குடும்ப வரவு செலவு. உப்பு எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு, கோழி முட்டை விற்று எவ்வளவு, வரி எவ்வளவு, பாதிரியாருக்கு எவ்வளவு. ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையில் எழுத வேண்டும். வீட்டுக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனதும் வீட்டுக்காரி வேறு கணக்குச் சொல்வாள். இரண்டையும் எழுதுவோம். ராத்திரி எல்லோரும் கூடுவோம். குஸ்டி தலைமையில் அன்று எழுதியதைப் படிப்போம். 'யார் சொன்னது? யார் முன்னிலையில் சொன்னது?' இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத அட்டை மேசையின் மறுபக்கம் போய்விடும்.

அங்கே கான்ஸ்தந்தின் ப்ரெய்லோயு மெழுகு உருளையில் ஒலிப்பதியும் கருவியோடு வந்திருந்தார். த்ரெகூஷ் ஒப்பாரியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1932இல் வெளியானது. பதிவு நடந்த ஒரு வீட்டில் நான் உதவிக்கு இருந்தேன். பாடச் சொன்னதும் அந்த அம்மாள் மறுத்துவிட்டாள். "செத்தவர் யாரும் இல்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் சாவைக் கூப்பிட்டது மாதிரி ஆகும் பொண்ணே." அவளுடைய மகன் போரில் கலீசியா பக்கம் போய்த் திரும்பவில்லை, உடல் வரவில்லை, அழுது தீர்க்கவும் வாய்ப்பில்லை. எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான், என்னைவிட ஒரு வயது மூத்தவன், அவனும் கிராமத்து ஆசிரியர் மகன். அவன் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகன் பேர் என்ன, என்ன வேலை செய்வான், எந்தக் குதிரை பிடிக்கும் என்று மெதுவாகக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவளே கருவியின் ஊதுகுழல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மகன் பேரைச் சொல்லி அழுதாள். உருளை தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அந்தப் பையன் தோளில் சாய்ந்து அழுதாள்.

இந்தப் பையனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931 கோடையில் பெஸ்ஸராபியாவில் கொர்னோவா. அப்போது யோர்காதான் பிரதமர். அந்த ஏப்ரலில் அரசர் இரண்டாம் கரோல் அவரை அழைத்துப் பொறுப்புக் கொடுத்திருந்தார். கல்வித் துறையையும் அவரே வைத்துக்கொண்டார். கட்சிக்காரர்கள் இல்லாத, துறை வல்லுநர்களின் அரசு என்று சொன்னார்கள். ஆனால் வந்த நேரம் பொல்லாத நேரம். உலகம் முழுக்கப் பொருளாதார நெருக்கடி. கோதுமை விலை படுத்துவிட்டது. அக்டோபரில் நாட்டின் மிகப்பெரிய வங்கிகளில் ஒன்றான மார்மொரோஷ் பிளாங்க் முறிந்தது. அரசு ஊழியர்களின் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. ஆசிரியர்களுக்குப் பல மாதம் சம்பளமே வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மா தன் கல்யாணக் காசுமாலையை அடகு வைத்தாள். அப்பா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யோர்காவின் 'நேயமுல் ரொமுனெஸ்க்' பத்திரிகையை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை. 1932 ஏப்ரலில் விவசாயக் கடன்களைக் குறைக்கும் சட்டம் வந்தது. கொஞ்ச நாளில் அரசும் கவிழ்ந்தது.

கொர்னோவாவில் நான் எழுதிய அட்டைகளில் அந்த நெருக்கடி முழுவதும் இருக்கிறது. திராட்சையும் பிளம்ஸும் விளையும் ஊர். ஒரு வீட்டில் முந்தைய ஆண்டு திராட்சை மது விற்ற பணத்தில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்திருந்தார்கள். அந்த ஆண்டு மதுவைப் பீப்பாயோடு சந்தைக்குக் கொண்டுபோய், வாங்க ஆளில்லாமல் பீப்பாயோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். வண்டிக்குக் கொடுத்த கூலி நஷ்டம். செருப்பு வாங்கவில்லை. தீப்பெட்டியை நிறுத்திவிட்டு அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து தணல் வாங்கிக்கொண்டார்கள். உப்பு மட்டும் குறையவில்லை. வீட்டுக்காரி பெயரை எழுத மாட்டேன், அவளுடைய சந்ததி இன்னும் அங்கே இருக்கிறது. அவளுடைய கணக்கு மட்டும் பல அட்டைகளுக்கு நீண்டது. எழுத்து தெரியாதவள், ஆனால் முந்தைய ஈஸ்டருக்கு எத்தனை முட்டைக்குச் சாயம் போட்டாள் என்பதுவரை சொன்னாள். மட்ஜாரு விவசாயிகளின் கடனைப் பற்றி எழுதிய பக்கங்களை நான் பிறகு படித்தபோது அவள் குரல்தான் காதில் கேட்டது. நாட்டின் விவசாயப் பொருளாதாரம் எங்கே உடையும் என்று அவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை. அவரும் குஸ்டியும் 1918இல் யாஷில் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான் நான் பின்னால் வேலை பார்த்த ருமேனிய சமூக நிறுவனம்.

1932 ஜூனில் குஸ்டி கல்வி அமைச்சரானதும் எங்களில் சிலர் அவரோடு அமைச்சகத்துக்குப் போனோம். எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன எழுத்தர் வேலை. எந்த ஊர்ப் பள்ளியில் கூரை ஒழுகுகிறது, எங்கே விறகு இல்லை என்று பட்டியல் எடுத்தோம். பட்டியல் அருமையாக வந்தது. பணம்தான் வரவில்லை. 1933 நவம்பரில் அவர் பதவி முடிந்தது. அடுத்துப் பிரதமராக வந்தவர் இயோன் துகா. தேர்தலுக்கு முன், லெஜியன்காரர்கள் என்றும் அழைக்கப்பட்ட பச்சைச் சட்டைக்காரர்களின் இரும்புக் காவல் படையைத் தடை செய்தார். டிசம்பர் 29ஆம் தேதி சினாயா ரயில் நிலைய மேடையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட மூவரும் இளைஞர்கள். அவர்களுடைய தலைவர் கொத்ரியானு விடுதலையானார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1924இல், யாஷ் காவல்துறைத் தலைவரைக் கொத்ரியானு தன் கையாலேயே சுட்டுக் கொன்றவர், அப்போதும் விடுதலைதான். வழிநெடுக ரயில் நிலையங்களில் பூ தூவி வரவேற்றார்கள். கொலைகாரனுக்குப் பூ தூவின நாடு எந்தப் பக்கம் போகும் என்று அறிய அட்டை தேவையில்லை.

இதற்கெல்லாம் முன்னோடியான மாணவர் கலவரம் 1922 டிசம்பரில் தொடங்கியது. பல்கலைக்கழகத்தில் யூதர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும், மருத்துவக் கல்லூரியில் யூத மாணவர்கள் யூதப் பிணங்களை மட்டுமே அறுக்க வேண்டும், இவைதான் கோரிக்கை. வேறொரு ஊரில் மருத்துவம் படித்த என் தோழியை முப்பதுகளில் ஒரு நாள் படிக்கட்டில் வைத்துத் தடியால் அடித்தார்கள். கூட வகுப்பில் உட்கார்ந்த பையன்களே. மேலே ஜன்னலிலிருந்து ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் படிப்பை விட்டுவிட்டுப் பிரான்ஸ் போனாள். எதிர்த்து நின்ற பேராசிரியர்களும் இருந்தார்கள். யாஷ் பல்கலைக்கழகத் தலைவர் த்ராயான் ப்ராத்து ஜெர்மானிய மொழி அறிஞர், இந்த அட்டூழியத்துக்கு இடம் கொடுக்காதவர். 1937 மார்ச் 1ஆம் தேதி அவரைத் தெருவில் கத்தியால் குத்தினார்கள். உயிர் பிழைத்தார்.

குஸ்டி இதற்குச் செய்த மாற்று என்னவென்றால், பிள்ளைகளை மறுபடி கிராமத்துக்கு அனுப்பினார். 1934 முதல் அரச அறக்கட்டளையின் பேரில் மாணவர் குழுக்கள் போயின. ஒவ்வொன்றிலும் மருத்துவம், கால்நடை, வேளாண்மை, வீட்டுப் பராமரிப்பு படித்தவர்கள். கிணறு தோண்டினார்கள், குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1936இல் ஹெரெஸ்த்ரெவு ஏரிக்கரையில் கிராம அருங்காட்சியகம் எழுந்தது. நாடெங்கிலுமிருந்து வீடுகளைக் கட்டை கட்டையாகக் கழற்றி, எண் போட்டு, மாட்டு வண்டியிலும் ரயிலிலும் கொண்டுவந்தார்கள். அந்தந்த ஊர்த் தச்சர்களே வந்து மறுபடி பூட்டினார்கள். மாராமுரெஷிலிருந்து ஒரு மரத்தேவாலயம் முழுசாக வந்தது. சில வாரங்களில் ஒரு கிராமமே தலைநகரில் முளைத்துவிட்டது. த்ரெகூஷ் வீட்டின் உத்தரத்தில் கை வைத்தபோது எனக்கு அந்தப் பள்ளிக்கூட வைக்கோல் வாசனை அடித்தது. மே மாதம் திறப்பு விழா. என் வாழ்க்கையில் இந்த நாட்டைப் பற்றிப் பெருமைப்பட்ட நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்பொழுது ஒப்பாரி கேட்டானே, அந்தப் பையன், அதற்குள் பச்சைச் சட்டைக்காரன் ஆகிவிட்டான். தர்க்கம் கற்பித்த நாயே யோனெஸ்கு என்ற பேராசிரியரின் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தான். புத்திசாலிப் பிள்ளைகள் பலரை அந்தப் பக்கம் இழுத்தவர் அவர். நான் அவனிடம் துகாவின் கொலையைப் பற்றிக் கேட்டேன். "ஒரு தலைமுறை தன்னைப் பலி கொடுக்காமல் நாடு சுத்தமாகாது" என்றான். பலியானது துகாதானே என்றேன். பதில் சொல்லவில்லை. அவன் முரடன் இல்லை, மூடனும் இல்லை. அட்டை எழுதுவதில் எங்கள் எல்லோரையும்விட அவனே கவனமானவன். இன்றுவரை எனக்கு விடை கிடைக்காத விஷயம் இது. ஒரு தாயின் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவனுக்கு, படிக்கட்டில் அடிபட்ட பெண்ணின் குரல் கேட்காமல் போனது.

1938 பிப்ரவரியில் அரசர் தன் சர்வாதிகாரத்தை நிறுவினார், பிறகு கட்சிகளை எல்லாம் ஒழித்தார். பேராசிரியர்கள் சீருடை போட்டுக்கொண்டார்கள். லெஜியன்காரர்கள் நடத்திய கடைகளையும் உணவகங்களையும் எதிர்த்து யோர்கா எழுதினார். கொத்ரியானு அவரை நேர்மையற்றவர் என்று கடிதம் அனுப்பினார். யோர்கா அப்போது அரசரின் ஆலோசகர், அமைச்சர் அந்தஸ்து உள்ளவர். அவதூறு வழக்கில் கொத்ரியானுவுக்கு ஆறு மாதச் சிறை; பிறகு தேசத்துரோக வழக்கில் பத்து ஆண்டு. நவம்பர் கடைசியில் தப்பி ஓடினார், சுட்டோம் என்று அறிவித்தார்கள். உண்மையில் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். அதை அரசு செய்யவைத்தது. 1939 செப்டம்பர் 21ஆம் தேதி பிரதமர் அர்மாந்த் கெலினெஸ்குவை லெஜியன்காரர்கள் புக்காரெஸ்டில் சுட்டார்கள். சுட்டவர்களை அதே இடத்தில் கொன்று, பிணங்களை நடுத்தெருவில் போட்டுவைத்தது அரசு. பார்க்கச் சனம் திரண்டது. நான் வேலைக்குப் போகும் வழி அது. ஓர் அம்மா கையில் பிடித்திருந்த பிள்ளையை முன்னால் தள்ளி, நன்றாகப் பார் என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணையே இல்லாமல் லெஜியன்காரர்களைக் கொன்றார்கள். அதையும் கொலை என்றுதான் சொல்வேன்.

அந்த ஆகஸ்ட் கடைசியில்தான் சர்வதேச சமூகவியல் மாநாடு புக்காரெஸ்டில் கூடியிருக்க வேண்டும். எங்கள் குழுவின் ஹென்ரி ஸ்டால் நெரேஜ் கிராமத்தைப் பற்றி மூன்று தொகுதிகளைப் பிரெஞ்சில் முடித்து வைத்திருந்தார். காட்டை ஊரே பொதுவாக வைத்திருந்த முறையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த புத்தகம். வெளிநாட்டு அறிஞர்களை எந்தக் கிராமத்துக்கு அழைத்துப் போவது என்றுகூடத் திட்டம் போட்டிருந்தோம். ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டார்கள். போர் வந்தது. மாநாடு நின்றது.

1940 ஜூன் 26ஆம் தேதி மாஸ்கோ கெடு விதித்தது: பெஸ்ஸராபியாவையும் வட புக்கோவினாவையும் கொடுத்துவிடு. மறுநாள் அரசவையில் எதிர்த்துப் போரிட வேண்டும் என்று வாக்களித்தவர்கள் ஆறே பேர். அவர்களில் யோர்கா ஒருவர். கொர்னோவா ஒரே இரவில் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அட்டைகள் இந்தப் பக்கம், அட்டையில் உள்ள மனிதர்கள் அந்தப் பக்கம். ஆகஸ்டில் வியன்னாவில் வைத்து வட டிரான்சில்வேனியாவை ஹங்கேரிக்குக் கொடுத்தார்கள். க்ளூஜ் பல்கலைக்கழகம் பெட்டி படுக்கையோடு சிபியுவுக்கு இடம் பெயர்ந்தது. செப்டம்பர் 6இல் அரசர் முடி துறந்து ஓடினார். 14ஆம் தேதி ஜெனரல் அந்தோனெஸ்குவும் இரும்புக் காவல் படையும் சேர்ந்து ஆட்சிக்கு வந்தார்கள்.

வெளியேறி வந்த குடும்பங்களுக்குத் தங்க இடமில்லை. கிராம அருங்காட்சியகத்தின் வீடுகளில் குடியேற்றினார்கள். கண்காட்சிப் பொருளாக நாங்கள் அடுக்கி வைத்த அடுப்பில் உண்மையாகவே சமைத்தார்கள். சுவரில் தொங்கவிட்ட பழைய துண்டுகளில் குழந்தைகளைத் துடைத்தார்கள். என்னைப் பட்டியல் எடுக்க அனுப்பினார்கள். என்னென்ன சேதம் என்று எழுதப் போனவள், என்னென்ன தேவை என்று எழுதிக்கொண்டு வந்தேன். பெஸ்ஸராபியாவிலிருந்து வந்த கிழவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்து, "இந்த நிலையைத் தப்பாகப் பூட்டியிருக்கிறார்கள், மழை உள்ளே அடிக்கும்" என்றார். சொன்னதோடு விடாமல் கழற்றிச் சரியாகப் பூட்டிக் கொடுத்தார்.

அக்டோபர் 4ஆம் தேதி யாஷில் பெத்ரெ அந்த்ரேய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சமூகவியல் பேராசிரியர், 1938 முதல் கல்வி அமைச்சராக இருந்தவர். லெஜியன்காரர்கள் வீட்டுக்குத் தேடி வந்தபோது நடந்தது. நவம்பர் 10 விடிவதற்குள் பூகம்பம். படுக்கையிலிருந்து தரையில் விழுந்தேன். கார்ல்டன் என்ற உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுசாகச் சரிந்து, உள்ளே இருந்தவர்களை மூடிவிட்டது. வெலெனியில் யோர்காவின் வீடும் சேதமானது. அவர் சினாயாவில் இருந்த தன் இன்னொரு வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்குத்தான் லெஜியன்காரர்கள் வந்தார்கள்.

நவம்பர் 26 இரவு கொத்ரியானுவின் எலும்புகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்த ஜிலாவா சிறையில் லெஜியன்காரர்கள் அறை அறையாகப் போய் 64 கைதிகளைக் கொன்றார்கள். மறுநாள் புக்காரெஸ்டில் மட்ஜாருவை வீட்டிலிருந்து அழைத்துப் போய் ஸ்னாகோவ் காட்டில் சுட்டார்கள். அன்றே பிற்பகல் சினாயாவில் யோர்காவை, விசாரணை என்று சொல்லி, மேசையிலிருந்து எழுப்பிக் காரில் ஏற்றினார்கள். மனித வரலாற்றைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அது பாதியில் நின்றது. ப்ளோயெஷ்ட்டி பக்கம் ஸ்த்ரெஷ்னிக் என்ற ஊரின் சாலையோரத்தில் உடல் கிடந்தது. அவருக்கு வயது 69.

நிறுவனத்தில் எங்களுக்குச் செய்தி காதோடு காதாக வந்தது. ஒருவர் வந்து மட்ஜாரு என்றார். இன்னொருவர் வந்து யோர்கா என்றார். முதலில் வந்தவர் பேரை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தோம். அன்று மாலை அமைச்சக நடைபாதையில், த்ரெகூஷில் ஒப்பாரி கேட்ட என் பழைய தோழனைப் பார்த்தேன். புது ஆட்சியில் அவனுக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. கொலைகளில் அவனுக்குப் பங்கில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். முகம் வெளுத்திருந்தது. நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "யார் சொன்னது? யார் முன்னிலையில் சொன்னது?" குஸ்டியின் கேள்வியை நான் அப்படிக் குரூரமாகப் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். 1941 ஜனவரியில் லெஜியன்காரர்கள் அந்தோனெஸ்குவுக்கு எதிராகவே கிளம்பி, மூன்று நாளில் புக்காரெஸ்டின் யூதர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்தக் கலகம் அடக்கப்பட்ட பிறகு என் தோழன் எங்கே போனான் என்று நான் தேடவில்லை.

யோர்காவை பெல்லு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அப்பா வரவேண்டும் என்று துடித்தார், ரயில் கிடைக்கவில்லை. வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றி, பழைய பத்திரிகைக் கட்டுகளை எடுத்துத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார் என்று அம்மா எழுதினாள்.

போருக்குப் பிந்தியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள். 1948இல் புது ஆட்சி பல்கலைக்கழகத்திலிருந்து சமூகவியலை எடுத்துவிட்டது. குஸ்டியை அகாதமியிலிருந்து நீக்கினார்கள், வீட்டையும் இழந்தார், 1955இல் காலமானார். எங்கள் குழுவின் அந்தோன் கொலொபென்ட்சியா நாட்டின் புள்ளியியல் நிறுவனத்தை நடத்தி, 1948 ஜனவரியில் குடிமதிப்புக் கணக்கெடுத்தவர். கைதாகி 1951இல் இறந்தார். எங்களோடு இருந்த மிர்ச்சா வுல்கெனெஸ்கு 1952இல் ஐயூத் சிறையில் இறந்தார். வரலாற்றறிஞர் கியோர்கே ப்ரெத்தியானு 1953இல் சிகெத் சிறையில். பழைய அமைச்சர்களை ஒரே இரவில் அள்ளிக்கொண்டுபோன 1950 மே மாதத்தில் நான் ஒரு ஜவுளி ஆலையில் பண்டகசாலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலை பழகியதுதான்: எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது.

கொர்னோவா அட்டைகளை ஒரு மாவுத் தகரப் பெட்டியில் போட்டு அத்தை வீட்டு விறகுக் கொட்டகையில் வைத்திருந்தேன். 1990 மே 6ஆம் தேதி பெஸ்ஸராபியாவின் எல்லையான ப்ரூத் ஆற்றின் பாலங்களைத் திறந்தபோது லட்சக்கணக்கானவர்கள் பூவோடு கடந்தார்கள். எனக்குக் கால் இடம் கொடுக்கவில்லை, தொலைக்காட்சியில் பார்த்தேன். கொர்னோவா இருக்கும் மால்டோவா தனி நாடான பிறகு ஒரு கோடையில் பேரன் என்னைக் காரில் அங்கே அழைத்துப் போனான். அந்தத் திராட்சைத் தோட்ட வீடு இருக்கிறது, கூரை மட்டும் மாறியிருக்கிறது. எனக்குக் கணக்குச் சொன்னவளின் பேத்தி ஐம்பது வயதுக்காரி. பெட்டியைத் திறந்து, அவள் பாட்டி சொன்னதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். மது விற்காதது, வண்டிக் கூலி, தணல், உப்பு. கையைக் கட்டிக்கொண்டு கேட்டவள் முட்டைக் கணக்கு வந்ததும் தலையை ஆட்டினாள்.

"அது பாட்டி சொல்லியிருக்க மாட்டாள். தாத்தா பக்கத்தில் இருந்திருப்பார். அவருக்குத் தெரியாமல் பாட்டி முட்டை விற்றுக் காசு சேர்த்தாள். அம்மாவைப் படிக்க வைத்ததே அந்தக் காசில்தான். அதை விட இரண்டு பங்காவது இருக்கும்."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தாத்தா முன்னிலையில் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. பேரனிடம் பென்சில் வாங்கி, அன்றைய தேதி போட்டு, யார் சொன்னது என்றும் எழுதி, அவள் சொன்ன கணக்கை அதன் கீழே சேர்த்தேன். அடுத்த அட்டையைப் படிக்கச் சொன்னாள்.